அசிங்க் கான்சலேஷன் கேள்விக்கு எப்படிப் படிப்பது?

ஃபங்ஷனல் புரோகிராமிங்கைத் தெரிவுப் பாடமாக எடுத்த தம்பி தங்கைகள் அதிகம் பயப்படுவது, அசிங்க் வேலைகளை (முடியும்வரை காத்திராமல் பின்னணியில் ஓட விடுகிற வேலைகளை) இடையில் ரத்துச் செய்யும், அதாவது கான்சல் பண்ணும், பகுதிக்குத்தான். திருநெல்வேலியில் அறை எடுத்து, கரண்ட் போன நேரங்களில் கொப்பியில் அம்புக்குறி போட்டுப் படித்தவன் என்ற முறையில் சொல்கிறேன்: லைப்ரரி ஃபங்ஷன்களின் பெயர்களைப் பாடமாக்கிப் பயனில்லை. ஓடுகிற கோட் எந்த வரியில் நிற்கும், நின்ற பிறகு எது ஓடும் என்று பார்க்கப் பழகுங்கள்.

முதலில் எஃப் ஷார்ப் மொழி. அசிங்க் புளொக்குக்குள் கான்சலேஷன் டோக்கன் (ரத்துச் செய்தியைக் கொண்டுபோகிற பொருள்), உள்ளே கூப்பிடுகிற அசிங்க் வேலைகளுக்கும் தானாகவே போகும். ஆனால் கான்சல் கொடுத்தவுடன் வேலை நின்றுவிடாது. பஸ்ஸில் மணி அடித்தாலும் தரிப்பிடம் வந்தால்தானே நிற்கும்? லெட் பேங் (let!), டூ பேங் (do!) என்று இன்னொரு அசிங்க் வேலையைக் கூப்பிடுகிற இடங்கள்தான் அந்தத் தரிப்பிடங்கள். உள்ளே பகா எண் தேடுகிற சாதாரண ரிகர்சிவ் ஃபங்ஷன் ஒன்றைக் கூப்பிட்டிருந்தால், அது முடியும்வரை ஓடியே தீரும். கேள்வி போடுகிறவருக்கு இதைவிட வசதியான பொறி கிடையாது.

அடுத்த பொறி, பிழைகளைப் பிடிக்கிற ட்ரை-வித். எஃப் ஷார்ப் அசிங்கில் வெற்றி, பிழை, ரத்து என்று மூன்று கன்டினியூவேஷன்கள் (வேலை அடுத்துப் போகும் வழிகள்) உண்டு. ரத்து தன் வழியில் தனியாகப் போவதால் ட்ரை-வித் அதைப் பிடிக்காது; எப்படி முடிந்தாலும் கிளீன்-அப் செய்கிற ட்ரை-ஃபைனலி மட்டும் ஓடும். மூன்று அம்புக்குறிகளையும் வரைந்துவிட்டால் விடை கண்ணுக்கு முன்னால் நிற்கும். எஃப் ஷார்ப் 6 இல் வந்த டாஸ்க் புளொக் (அசிங்க் வேலை எழுத இன்னொரு வழி) வேறு கதை, அங்கே டோக்கனை நாங்களே கையால் கொடுக்க வேண்டும்.

ஹாஸ்கெல் மொழி இதற்கு நேர் எதிர். ஹாஸ்கெல் ஆய்வாளர்கள் சைமன் மார்லோ, சைமன் பெய்ட்டன் ஜோன்ஸ் முதலானோர் 2001 இல் விளக்கிய முறைப்படி, ஒரு திரெட் (தனியாக ஓடுகிற இழை) இன்னொன்றின் மேல் எக்ஸெப்ஷனை (பிழைச் செய்தியை) எறிகிறது. அது ஏறக்குறைய எந்த இடத்திலும் வந்து விழலாம். ஃபைலைத் திறந்து, மூடும் ஏற்பாட்டைச் செய்வதற்கு முன்னரே விழுந்தால்? அதற்காகத்தான் மாஸ்க் (எக்ஸெப்ஷனைக் கொஞ்சம் தள்ளிவைப்பது), பிராக்கெட் (திறப்பதையும் மூடுவதையும் சேர்த்துக் கட்டுவது) எல்லாம். எல்லா எக்ஸெப்ஷனையும் பிடிக்கிற ஹாண்ட்லர் எழுதினால் ரத்தையும் சேர்த்து விழுங்கிவிடும். திரும்ப எறியாவிட்டால் வேலை சாகாது. அசிங்க் லைப்ரரியின் கான்சல், அந்தத் திரெட் முடியும்வரை காத்திருக்கும் என்பதையும் எழுதினால் விடை கனதியாக இருக்கும்.

ஸ்காலா மொழி பற்றி ஒரு வரி போதும்: அதன் ஸ்டாண்டர்ட் ஃபியூச்சரில் (பிறகு வரப்போகும் விடையைக் குறிக்கிற பொருளில்) ரத்துச் செய்யும் வசதியே இல்லை.

சரி, பயிற்சி. ஹாஸ்கெலில் இரண்டு வேலைகளை ரேஸ் விடுங்கள், தோற்றது ரத்தாகும். இரண்டிலும் ஃபைனலிக்குள் ஒரு பிரிண்ட் வையுங்கள். என்ன வரும் என்று முதலில் பேப்பரில் எழுதிவிட்டு, அப்புறம் ஓட்டிப் பாருங்கள். சோதனையிலும் விடையை நேர வரிசைப்படியே எழுதுங்கள்: கான்சல் வந்த கணம், வேலை நின்ற இடம், பிறகு ஓடிய கிளீன்-அப்.