கோடியக்கரையில் மட்டக்குதிரைகளுக்குப் பின்னால்

வனவிலங்கு ஆய்வில் வேலை என்று சொன்னால் ஊரில் எல்லோரும் புலியைப் பற்றியும் யானையைப் பற்றியும்தான் கேட்பார்கள். நான் கோடியக்கரையில் பார்த்த வேலை வேறு. மட்டக்குதிரையும் மாடும் பத்து நிமிடத்துக்கு ஒரு தடவை என்ன செய்கின்றன என்று தாளில் குறிக்க வேண்டும். மேய்கிறதா, நிற்கிறதா, படுத்திருக்கிறதா, நடக்கிறதா, தண்ணீர் குடிக்கிறதா. ஒவ்வொன்றுக்கும் ஓர் எழுத்து. விடிந்ததிலிருந்து பொழுது சாயும்வரை இதேதான். "மாடு மேய்க்கிறதுக்கா எம்.எஸ்ஸி. படிச்சே?" என்று அம்மா கேட்டார். நியாயமான கேள்விதான். மேய்ப்பவனாவது மாட்டை ஓட்டலாம், அதட்டலாம். எனக்கு அந்த உரிமையும் கிடையாது.

நாகப்பட்டினத்திலிருந்து தெற்கே நேராக இறங்கி வரும் கடற்கரை, கோடியக்கரையில் சட்டென்று மேற்கே மடங்குகிறது. கிழக்கே வங்காள விரிகுடா, தெற்கே பாக் நீரிணை. 1967இல் வெளிமானுக்காக இங்கே சரணாலயம் அமைத்தார்கள். 2002இல் பக்கத்துச் சதுப்பு நிலங்களோடு சேர்த்து, உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களுக்கான ராம்சர் பட்டியலிலும் இடம் கிடைத்தது. மார்கழி, தை மாதங்களில் பூநாரை பார்க்க கார் கார்களாக வருவார்கள். கத்திரி வெயிலில் ஒருவரும் வரமாட்டார்கள். காட்டிலேயே மிக உயரமான இடம் ராமர் பாதம் மண்டபம் நிற்கும் மணல்மேடு. அதன் உயரம் 4 மீட்டர். அதில் ஏறி நின்றால்கூட நாலாபுறமும் தட்டையாகத்தான் தெரியும்: பாலை மரக் காடு, புல்வெளி, அதற்கப்பால் வெயிலில் நடுங்கும் சேற்றுவெளி.

ஆய்வின் கேள்வி எளிமையானது. புல் குறைவாக இருக்கும் கோடையில், குதிரையும் மாடும் வெளிமானின் உணவைப் பறிக்கின்றனவா? பதில் என்னவாக இருக்க வேண்டும் என்பதில் எங்களை அனுப்பியவர்களுக்குப் பெரிய சந்தேகம் இருந்ததாகத் தெரியவில்லை. "பறிக்கின்றன என்பது தெரியும், எவ்வளவு என்று எண் வேண்டும்" என்பதுதான் முதல் நாள் எனக்குக் கிடைத்த விளக்கம்.

மட்டக்குதிரைகள் யாருடையவை என்று கேட்டால் ஒரு பதிலும் கிடைக்காது. எப்போதோ மனிதர் வளர்த்த குதிரைகளின் வழிவந்தவை. கைவிடப்பட்டு, தலைமுறை தலைமுறையாகக் காட்டிலேயே குட்டி போட்டுப் பெருகியவை. கடிவாளம் என்றால் என்ன என்றே இப்போது இருப்பவற்றுக்குத் தெரியாது. மாட்டின் கதை வேறு. சுற்று ஊர்களிலிருந்து உள்ளே வருகின்றன. சில சாயங்காலம் வீடு திரும்பும், சில வாரக்கணக்கில் காட்டோடு தங்கிவிடும். வனத்துறைக்கு இது பிடிப்பதில்லை, ஆனால் வந்துகொண்டுதான் இருக்கின்றன. என்னுடன் வந்த வேட்டைத் தடுப்புக் காவலர் அண்ணன் ஒருநாள் சொன்னார்: "மாட்டுக்கு ஒண்ணுன்னா ஆளு சண்டைக்கு வருவான் தம்பி. மானுக்கு ஒண்ணுன்னா எங்களுக்கு மெமோ வரும். குதிரை செத்தா நாத்தம்தான் வரும்." சட்டப்படியும் அவர் சொன்னது சரிதான். வெளிமான் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கிறது. குதிரை வீட்டு விலங்கு என்பதால் அதற்கு எந்த அட்டவணையிலும் இடமில்லை.

மே மாதத்தில் ஒரு நாளைச் சொல்கிறேன். மற்ற நாட்களும் ஏறக்குறைய இப்படித்தான்.

காலை ஆறு மணிக்குக் குதிரையும் மாடும் மானும் ஒரே புல்வெளியில் இருக்கும். தூரத்திலிருந்து பார்த்தால் ஒற்றுமையான குடும்பம். தொலைநோக்கியில் பார்த்தால்தான் வித்தியாசம் தெரியும். மான் தலையை அசைத்து அசைத்து, இளசாக இருப்பதைப் பொறுக்கித் தின்னும். மாடு நாக்கைச் சுழற்றிப் புல்லை வளைத்து இழுக்கும். அதற்கு மேல்தாடையில் முன்பல் இல்லை, ஆகவே மிகவும் குட்டையான புல் கைக்கு எட்டாத பண்டம். குதிரைக்கு மேலேயும் கீழேயும் முன்பல் உண்டு. தரையோடு ஒட்ட நறுக்கிவிடும். குதிரைக் கூட்டம் ஒரு வாரம் நின்ற திட்டைப் பார்த்தால் முடிவெட்டும் கடையில் மெஷின் போட்ட மாதிரி இருக்கும்.

ஒன்பது மணிக்கெல்லாம் வெயில் சுள்ளென்று ஏறிவிடும். நாகை மாவட்டத்து வெயிலின் பிரச்சினை டிகிரி அல்ல, ஈரம். வியர்வை காயாது, சட்டை முதுகோடு ஒட்டும், பென்சில் வழுக்கும், தாள் நனையும். பத்தரை மணிக்குள் மாடுகள் ஒவ்வொன்றாகப் பாலை மரத்தடிக்குப் போய்ப் படுத்துவிடும். சிலவற்றில் உம்பளச்சேரிச் சாயல் தெளிவாகத் தெரியும். சாம்பல் உடம்பு, நெற்றியில் வெள்ளைப் பொட்டு, காலில் வெள்ளை. உம்பளச்சேரி ஊர் இங்கிருந்து ஒன்றும் தூரமில்லை. சேற்று வயலில் உழுவதற்கென்றே பெயர் வாங்கிய இனம். கன்று மட்டும் செம்பழுப்பாகப் பிறந்து, சில மாதங்களில் நிறம் மாறும். தாயும் கன்றும் பக்கத்தில் படுத்திருந்தால் வேறு வேறு இனம் என்றே புதியவர் நினைப்பார். கண்ணை அரைகுறையாக மூடி, தாடையை மட்டும் ஆட்டிக்கொண்டு கிடக்கும். காலையில் அவசரமாக விழுங்கியதை நிழலில் உட்கார்ந்து நிதானமாக அசைபோடலாம். மாட்டுக்கு இயற்கை தந்த வசதி அது. என் தாளிலும் பத்து நிமிடத்துக்கு ஒரு தடவை அதே எழுத்துதான் விழும்.

குதிரைக்கு அசைபோடும் வயிறு கிடையாது. அதற்குச் செரிமானம் பெருங்குடல் பக்கத்தில் நடக்கிறது. தின்றது சீக்கிரம் கடந்து போய்விடும், சத்தில் ஒரு பகுதி வீணாகும். அந்த இழப்பை ஈடுகட்டக் கூடுதலாகத் தின்ன வேண்டும். நாளின் பாதிக்கு மேல் மேய்ச்சலிலேயே போகிறது. காய்ந்த மட்டமான புல்லிலும் அதனால் பிழைக்க முடிவது இந்த ஏற்பாட்டால்தான். மானுடன் போட்டி என்று தாளில் எழுதுகிறோமே, அதன் வேர் இங்கே இருக்கிறது. வெயிலில் ஓய்வெடுக்க அதற்கு நேரம் போதாது.

ஆனாலும் பதினொரு மணிக்கு மேல் குதிரைகளும் மேய்ச்சலை நிறுத்தும். நிழலுக்குப் போகும் என்றுதான் எதிர்பார்ப்போம். போகாது. மரத்தடியை விட்டு வெளியே வந்து, ஒரு புல்கூட இல்லாத திறந்த சேற்றுவெளிக்குப் போய், உச்சி வெயிலில் நெருக்கமாக நிற்கும். நானும் குடைகூட இல்லாமல் அதற்கு எதிரே உட்கார்ந்திருப்பேன். குடை விரித்தால் மிரண்டு ஓடிவிடும். இவற்றுக்குப் புத்தி கெட்டுவிட்டதா என்று தோன்றும்.

காரணம் ஈ. நிழலில் காற்று அசையாது, இரத்தம் குடிக்கும் ஈ அங்கேதான் மொய்க்கும். திறந்த வெளியில் கடற்காற்று அதை நிற்கவிடாது. தெற்குப் பிரான்சில் கமார்க் என்று ஒரு கழிமுகச் சதுப்பு இருக்கிறது. அங்கும் உப்பளம், பூநாரை, தானாகத் திரியும் குதிரை, மாடு எல்லாம் உண்டு. அங்கே இதைப் பற்றி 1980ஆம் ஆண்டு வாக்கிலேயே ஆய்வு செய்து எழுதியிருக்கிறார்கள். குதிரை வெற்றுத் தரைக்குப் போவது ஈக்கு அஞ்சித்தான், கூட்டம் பெரிதானால் தலைக்கு இத்தனை என்று விழும் கடியும் குறைகிறது. கோடியக்கரையிலும் கண்ணால் பார்க்கலாம். இரண்டிரண்டாக, ஒன்றின் தலைக்கு நேரே மற்றதன் வால் வருவது போல நிற்கும். என் முகத்து ஈயை உன் வால் ஓட்டும், உன் முகத்து ஈயை என் வால் ஓட்டும். இதில் யாரும் ஏமாற்றுவதாகத் தெரியவில்லை.

ஒரு கபில நிறப் பெட்டை, குட்டி போட்டுச் சில வாரம்தான் ஆகியிருக்கும். நான் ஓரளவு பக்கத்தில் போனாலும் நகராது. விலா எலும்பை எண்ணலாம். பின்னந்தொடைகளுக்கு நடுவில் வெள்ளையாக நுரை. குதிரை வியர்வையில் சோப்பு போல நுரைக்கும் ஒரு புரதம் உண்டு, ரோமத்தின் ஊடாக வியர்வையைப் பரப்பிவிட அது உதவுகிறது. அந்த நுரை காய்ந்த இடத்தில் உப்புக் கோடு படிந்திருந்தது. முன்னங்குளம்பின் விளிம்பில் வெடிப்பு. ஒரு பின்காலைத் தளர்த்தி மடக்கி, மற்ற மூன்று காலில் பாரத்தை வைத்து நின்றபடியே தூங்கியது. அதன் வயிற்று நிழல் விழுந்த சிறு இடத்தில் குட்டி கால் நீட்டிப் படுத்திருந்தது. வெயில் நகர நகரத் தாயும் அரை அடி, ஒரு அடி நகர்ந்துகொண்டிருந்தது. குட்டிக்காகத்தானா என்று நான் சத்தியம் செய்ய முடியாது. தாளில் 'நி' என்று மட்டும் போட்டேன், நிற்கிறது என்று அர்த்தம்.

மதியம் காவலர் அண்ணன் தூக்குச்சட்டியில் கொண்டுவரும் பழையதும் மோர்மிளகாயும். அவர் பாலைப்பழம் பொறுக்கிக்கொண்டு வருவார். இரண்டு தின்றால் உதடு பிசின் போல ஒட்டும், இருந்தாலும் நிறுத்த முடியாது.

சாப்பிட்ட பிறகு சாண வேலை. ஆண்குதிரைகள் ஒரே இடத்தில் திரும்பத் திரும்பச் சாணம் போட்டுக் குவிக்கும், இது என் இடம் என்று மற்ற ஆண்களுக்குச் சொல்கிற வழி அது. அந்தக் குவியலிலிருந்து காய்ந்த உருண்டைகளை எடுத்து உடைத்து, உள்ளே இருக்கும் கருவை விதைகளை எண்ண வேண்டும். கோடையில் சீமைக்கருவேலங்காய் பழுத்து உதிரும். இனிப்பாக இருக்கும், புல் இல்லாத நேரத்தில் குதிரைக்கும் மாட்டுக்கும் அதுதான் விருந்து. விதை செரிக்காமல் உரத்தோடு வெளியே வரும். முதல் மழைக்குக் குவியல் முழுக்கக் கருவை முளைத்திருப்பதைப் பார்த்திருக்கிறேன். திறந்த புல்வெளி சுருங்கினால் முதலில் அடிபடுவது வெளிமான். முள்காட்டில் அதன் ஓட்டமும் பார்வையும் பயன்படாது. மேய்ச்சல் போட்டியைவிட இதுதான் பெரிய கெடுதல் என்று எனக்கு அங்கே உட்கார்ந்து விதை எண்ணும்போது தோன்றியது, இப்போதும் அப்படித்தான் நினைக்கிறேன். ஆனால் கருவையைக் கொண்டுவந்து நட்டது குதிரை அல்ல.

நாலு மணிக்குத் தண்ணீர்த் தொட்டி. கோடையில் குட்டைகள் வற்றிவிடும், மிச்சம் இருப்பது உப்புக் கரிக்கும். வனத்துறை தொட்டிகளில் தண்ணீர் நிரப்புகிறது. போட்டி என்ற சொல்லை நான் கண்ணால் பார்த்தது புல்வெளியில் அல்ல, இங்கேதான். முதலில் மூத்த பெட்டை ஒன்று முன்னால் நடந்து வரும், பின்னால் கூட்டம், கடைசியில் ஆண்குதிரை. அவை குடிக்கும்போது வெளிமான்கள் தள்ளி நின்று காத்திருக்கும். ஒரு கிடா பொறுக்க முடியாமல் நெருங்கினால், ஆண்குதிரை காதைப் பின்னால் மடக்கும். அதற்கு மேல் எதுவும் தேவையில்லை, மான் திரும்பிவிடும். அப்புறம் கொம்பு வைத்த மாடு ஒன்று நிதானமாக வரும். இப்போது குதிரைகள் விலகும். இந்த வரிசையில் கடைசி இடம் எப்போதும் மானுக்கு, சரணாலயம் யார் பெயரில் இருக்கிறதோ அதற்கு. அன்று மான் தொட்டிக்கு வருவதற்குள் தண்ணீர் அடியில் ஒரு சாண் இருந்தது. குட்டிமான் எட்டிக் குடிக்க முடியாத ஆழம்.

2018 நவம்பர் 16 அதிகாலை கஜா புயல் இந்தக் கரையில் ஏறியபோது மானும் குதிரையும் மாடும் செத்தன. நான் வேலைக்குப் போனது அதற்குப் பிறகு. விழுந்த பாலை மரங்கள் அப்போதும் அப்படியே கிடந்தன. மாடு செத்தவர்கள் நிவாரணத்துக்கு மனு எழுதியதையும், மான் உடல்களைத் தேடி எண்ணியதையும் அண்ணன் விவரமாகச் சொன்னார். குதிரைகளைப் பற்றிக் கேட்டேன். "குழி வெட்டினோம் தம்பி" என்றார்.

அறிக்கை எழுதும்போது என் பரிந்துரைகள் மூன்று. குதிரை எண்ணிக்கை கட்டுக்கு மீறாமல் கருத்தடை செய்யலாம். கருவைக் காயை உதிரும் முன்பே ஊர்க்காரர்களுக்குக் கூலி கொடுத்துப் பறிக்கலாம். தொட்டிகளைத் தாழ்வாக, சிறிதாக, தள்ளித் தள்ளிப் பல இடங்களில் வைத்தால் ஒரு குதிரைக் கூட்டத்தால் எல்லாவற்றையும் மறிக்க முடியாது. மூன்றாவதற்கு ஆகும் செலவு மிகச் சொற்பம். மேலிடத்தில் முதல் இரண்டை ஏற்றுக்கொண்டு, அதையும் "குதிரைகளை அப்புறப்படுத்துதல்" என்ற தலைப்பின் கீழ் சேர்த்தார்கள். தொட்டி விஷயம் ஆய்வின் எல்லைக்குள் வராது என்று நீக்கிவிட்டார்கள். அப்புறப்படுத்தி எங்கே கொண்டுபோய் விடுவது என்று கூட்டத்தில் கேட்டேன். அதை நிர்வாகம் முடிவு செய்யும் என்றார்கள். சரி என்று கையெழுத்துப் போட்டேன். ஒப்பந்தம் முடியுமுன் அண்ணனிடம் தொட்டியைப் பற்றிச் சொன்னபோது, அடுத்த முறை லாரி வந்தால் ஒரு பழைய சிமென்ட் தொட்டியைப் பாதிவரை மண்ணில் புதைத்துப் பார்ப்போம் என்றார். அதற்கு யாரிடமும் அனுமதி கேட்க வேண்டியதில்லையாம்.