ஆவரேஜ் எவ்வளவு என்று கேட்காதீர்கள்

சைக்கிள் ஓட்டுகிறவர்கள் இரண்டு பேர் சேர்ந்தால் முதல் கேள்வி, "ஆவரேஜ் எவ்வளவு?" என்னைக் கேட்டால், அந்த எண்ணைப் போல ஆளை ஏய்க்கும் எண் வேறில்லை. போன ஆடியில் என் சித்தப்பா மகன் சேலத்திலிருந்து ஆத்தூர் வரை மணிக்கு 33 கிலோமீட்டர் சராசரியில் ஓட்டி ஸ்ட்ராவாவில் ஏற்றினான் (ஓட்டிய கணக்கை எல்லோருக்கும் காட்டுகிற செல்போன் செயலி). பாராட்டு குவிந்துவிட்டது. ஆத்தூர் கிழக்கே இருக்கிறது. ஆடிக்காற்று மேற்கேயிருந்து அடிக்கிறது. அம்மியே பறக்கிற காற்றில் சைக்கிள் பறக்காதா? திரும்பும்போது சைக்கிளைக் குட்டி யானையில் ஏற்றிக்கொண்டு வந்த சங்கதி ஸ்ட்ராவாவுக்கு எப்படித் தெரியும்!

சரி, போகவர ஓட்டினால் காற்றுக்குக் காற்று சரியாகிவிடும் என்பார்கள். ஆகாது. போகும்போது 30, வரும்போது 20 என்றால் சராசரி 25 இல்லை, 24. எதிர்காற்றில்தான் அதிக நேரம் கிடந்து உழல்கிறோம்.

சைக்கிள் மீட்டரில் இருக்கும் 'ஆட்டோ பாஸ்' (auto pause) இன்னொரு ஏமாற்று. நாம் நின்றால் கடிகாரமும் நின்றுவிடும். மூச்சு வாங்க நாலு இடத்தில் நின்று, டீ குடித்து, வடை தின்று வந்தாலும் சராசரி அப்படியே இருக்கும். கெடுவுக்குள் முடிக்க வேண்டிய நெடுந்தூர ஓட்டமான பிரெவேயில், 200 கிலோமீட்டருக்கு இந்த வேலை நடக்காது. கெடு பதின்மூன்றரை மணி நேரம், பஞ்சரும் பரோட்டாவும் அதற்குள்தான். ஸ்ட்ராவாவிலேயே செக்மென்ட், அதாவது எல்லோரும் நேரம் ஒப்பிடக் குறித்துவைத்த சாலைத் துண்டு, அதன் நேரத்தில் நின்ற நேரமும் சேர்ந்துதான் வரும். அதை யாரும் பேசுவதில்லை, பாருங்கள்.

எனக்குத் தொழில் செவ்வாய்ப்பேட்டையில் வெள்ளிக் கொலுசு. பட்டறை திறந்ததும் எடைக்கல்லை வைத்துத் தராசைச் சரிபார்த்த பிறகுதான் முதல் உருப்படியை நிறுப்போம். சைக்கிளிலும் அந்தப் புத்தி போகவில்லை. அதனால் நேரம் பார்க்க நான் நம்புவது ஏற்காடு மலைப்பாதையை மட்டும்தான். மொத்தம் 20 கொண்டை ஊசி வளைவு, ஒவ்வொன்றுக்கும் எண் போட்ட பலகை. முதல் பலகையில் மீட்டரில் நேரத்தைத் தனியாகக் குறிக்கிற லேப் பட்டனை அமுக்குவேன், இருபதாவது பலகையில் திரும்ப அமுக்குவேன். மரம் மூடிய வளைவுகளில் ஜிபிஎஸ் கோடு சில சமயம் பள்ளத்துக்குள் இறங்கிவிட்டு வரும். பலகை நட்ட இடத்திலேயே நிற்கும். ஞாயிற்றுக்கிழமை போவதில்லை. சுற்றுலா வண்டிகள் வளைவில் பின்னுக்கு எடுக்கும்போது ஒதுங்கி நின்றே நேரம் போய்விடும். மே மாதக் கோடை விழா சமயத்தில் கேட்கவே வேண்டாம்.

மலை ஏன் பொய் சொல்வதில்லை என்றால், மணிக்குப் பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர் வேகத்தில் காற்றுக்குப் பெரிய வேலை இல்லை. எடையைத் தூக்குவதுதான் முழு வேலை. நான், சைக்கிள், தண்ணீர் பாட்டில் எல்லாம் சேர்த்து 82 கிலோ. ஒரு மணி நேரத்தில் 600 மீட்டர் உயரம் ஏறினால், 82-ஐ 9.8-ஆலும் (புவியீர்ப்பு) 600-ஆலும் பெருக்கி 3600-ஆல் (ஒரு மணிக்கு இத்தனை விநாடி) வகுக்க, கால் கொடுத்த சக்தி 134 வாட் என்று வரும். டயர் உராய்வுக்கும் மிச்சசொச்சக் காற்றுக்கும் கொஞ்சம் கூட்டிக்கொள்ளலாம். மணிக்கு எத்தனை மீட்டர் உயரம் என்ற இந்த அளவுக்கு 'வாம்' என்று பெயர். மிகேலே ஃபெராரி என்ற இத்தாலிய மருத்துவர் புழக்கத்துக்குக் கொண்டுவந்தது. ஊக்கமருந்து விவகாரத்தில் 2012-இல் வாழ்நாள் தடை வாங்கிய ஆள். ஆனால் கணக்கு சுத்தமான கணக்கு.

உயரத்தை மட்டும் அன்றன்று சைக்கிள் மீட்டர் சொல்வதிலிருந்து எடுக்காதீர்கள். அது அளப்பது உயரத்தை அல்ல, காற்றழுத்தத்தை. நம் பக்கத்தில் தினமும் விடியற்காலையில் அழுத்தம் குறைந்திருக்கும், காலை பத்து மணிவாக்கில் உச்சிக்கு ஏறும். ஒரு மில்லிபார் மாறினால் கிட்டத்தட்ட எட்டரை மீட்டர் வித்தியாசம். ஐந்து மணிக்குக் கிளம்பிப் பத்து மணிக்குத் திரும்பினால், நம் வீட்டு வாசலே இருபது மீட்டர் கீழே இறங்கிவிட்டதாக மீட்டர் சொல்லும். அதனால் வரைபடத்தில் பார்த்து எடுத்த ஒரே உயரத்தைத்தான் எல்லா நாளுக்கும் போடுகிறேன். அந்த எண்ணே கொஞ்சம் தவறாக இருந்தாலும் பாதகமில்லை. என்றைக்கும் அதே தவறு என்பதால் முன்னேற்றம் தெரிந்துவிடும்.

பக்கத்திலேயே இதயத்துடிப்பையும் எழுதி வைப்பேன். மார்கழியில் எடுத்த அதே நேரத்தைச் சித்திரையில் எடுக்க ஏழெட்டுத் துடிப்பு கூடுதலாக ஆகும். உடம்பைக் குளிர்விக்க ரத்தம் தோல் பக்கம் போகிறது, வியர்வையில் தண்ணீரும் இறங்கிவிடுகிறது. நோட்டில் இது இல்லையென்றால், வெயில் செய்த வேலைக்கு நம் காலைத் திட்டிக்கொண்டிருப்போம்.

இவ்வளவு கணக்கு எதற்கு, மிதிக்கிற சக்தியை நேராக வாட்டில் அளக்கும் பவர் மீட்டர் வாங்கிவிடலாமே என்று கேட்கிறார்கள். வாங்கலாம், நல்ல சாமான். விலை குறைவு என்று பலர் தேடுவது இடது கால் மட்டும் அளக்கிற வகை. இடது காலின் வாட்டை இரண்டால் பெருக்கி மொத்தம் என்று காட்டும். எனக்கு வலது கால் பலம் கூடுதல். களைத்தால் அந்த வித்தியாசம் இன்னும் மாறும். ஒற்றைக் கொலுசை நிறுத்து இரண்டால் பெருக்கி ஜோடி எடை என்று பில் போட்டால் எந்த வாடிக்கையாளர் காசு கொடுப்பார்? வாங்குவதானால் இரண்டு பக்கமும் அளப்பதாக வாங்குங்கள். அதுவரை பலகையும் லேப் பட்டனும் போதும்.