யெகூ வருகுது!

எங்கள் காலத்துப் பெடியளுக்கு யெகூ பைபிளில் வருகிற இஸ்ரவேலின் ராஜா ஆனதெல்லாம் பிறகுதான். முதலில் அவன் பருத்தித்துறை வீதியில் ஓடிய ஒரு மினிபஸ்ஸின் றைவர். தனியார் பஸ்கள் ஓடத் தொடங்கிய புதுசு. கோன் சத்தம் கேட்டதுமே விடுதி மதிலில் இருக்கிறவன் "யெகூ வருகுது" என்பான். ஆளைப் பார்க்கத் தேவையில்லை.

பட்டப்பெயர் வைத்தது வேதபாட மாஸ்ரர். அந்த வகுப்பில் பாதிப்பேர் திருநீறு பூசிய பிள்ளைகள். கதை கேட்கத்தான் இருந்தோம். யெஸ்ரயேல் கோபுரத்துக் காவல்காரன் தூரத்தில் ஒரு கூட்டம் வருவதைக் காண்கிறான். சமாதானமா என்று கேட்டுவரச் சொல்லி இஸ்ரவேலின் யோராம் ராஜா ஒரு குதிரைக்காரனை அனுப்புகிறான், போனவன் திரும்பவில்லை. இரண்டாமவனும் அப்படித்தான். முகம் இன்னும் தெரியாத தூரம். ஆனாலும் காவல்காரன் சொல்லிவிடுகிறான்: ரதம் ஓடுகிற ஓட்டம் நிம்சியின் குமாரன் யெகூவின் ஓட்டம், அவ்வளவு வேகம். இந்த இடத்தில் மாஸ்ரர் மேசையில் இரண்டு கையாலும் குளம்படி போடுவார். அடுத்த வகுப்பிலிருந்து ஆள் வரும்.

அதோடு யெகூ எங்கள் வாயில் ஒட்டிக்கொண்டான். கிறுக்கி எழுதினால் யெகூ எழுத்து. விடுதியில் மணி அடிக்கமுன் கோப்பையைக் காலி செய்தால் யெகூச் சாப்பாடு. மாஸ்ரரின் சொந்தச் சரக்கு என்றே நம்பியிருந்தோம். லண்டனுக்கு வந்த பிறகுதான் தெரிந்தது, குதிரைவண்டிக் காலத்தில் இங்கேயும் வேகமாக ஓட்டும் வண்டிக்காரனை ஜீஹூ என்றுதான் அழைத்திருக்கிறார்கள். மிஷன் பாதிரிமார் கப்பலில் கொண்டுவந்த பகிடியாக இருக்கலாம்.

ஆளைப் பார்க்க விரும்புகிறவர்கள் பிரித்தானிய நூதனசாலைக்குப் போகலாம், நுழைவு இலவசம். 1846இல் லேயார்ட் என்ற ஆங்கிலேய அகழ்வாய்வாளர் ஈராக்கின் நிம்ரூத்தில் தோண்டியெடுத்த கறுப்புக் கல்தூண் அங்கே நிற்கிறது, ஏறக்குறைய 2 மீற்றர் உயரம். நாலு பக்கமும் திறை கொண்டுவருகிறவர்களின் வரிசை. பிள்ளைகளைக் கூட்டிப்போனால் இரட்டைத் திமில் ஒட்டகத்தையும் யானையையும் விட்டு நகரமாட்டார்கள். மேலிருந்து இரண்டாவது வரிசையில், அசீரிய ராஜா மூன்றாம் சல்மனாசாரின் காலடியில், நெற்றி நிலத்தில் முட்ட ஒருவன் கிடக்கிறான். அதுதான் நம்முடைய யெகூ. அவனுடைய தூதன் என்று சொல்கிறவர்களும் உண்டு. கி.மு. 841இல் கட்டிய திறை அது: வெள்ளி, பொன், பொற்கிண்ணங்கள். ரதத்தைக் காணவில்லை.

படத்துக்கு மேலே, ஆப்பு வடிவக் கோடுகளால் ஆன அந்தக் காலத்து ஆப்பெழுத்தில், "உம்ரியின் மகன் யெகூ" என்று வெட்டியிருக்கிறார்கள். உம்ரி முந்திய ஒரு இஸ்ரவேல் ராஜா, அவனுடைய மகன் ஆகாப். அந்த வம்சத்தையே வேரோடு அறுத்தவன்தான் யெகூ. அசீரியருக்கு இஸ்ரவேல் தேசம் என்றாலே உம்ரியின் வீடு, அதனால் வந்த வினை. வேதபாடச் சோதனையில் யாராவது இப்படி எழுதியிருந்தால் மாஸ்ரர் முட்டை போட்டு, பெற்றோரிடம் கையெழுத்தும் வாங்கிவரச் சொல்லியிருப்பார்.