கறுவா உரிப்பதைப் பார்க்க கரந்தெனிய போனோம்

தெற்கு இலங்கையில் அம்பலாங்கொடை ஸ்டேஷன் வாசலிலிருந்து கரந்தெனிய போக ஆட்டோக்காரர் வாங்கிய 3,500 இலங்கை ரூபாயை நினைத்தால் இன்னும் வயிறு எரிகிறது. யாரும் கொடுக்காதீர்கள். எல்பிட்டிய பஸ் அதே சாலையில்தான் போகிறது. திரும்பும்போது அதில்தான் வந்தோம். இரண்டு பேருக்கும் சேர்த்து ஆட்டோ காசில் பத்தில் ஒரு பங்குகூட ஆகவில்லை.

தோட்டத்துக்குள் நுழைந்ததும் அந்த எரிச்சல் போய்விட்டது. நாம் சமையலில் போடும் பட்டையை இலங்கையில் கறுவா என்கிறார்கள். அந்தச் செடியை விட்டால் பெரிய மரமாகிவிடும், ஆனால் விடுவதில்லை. தரையை ஒட்டி வெட்டுகிறார்கள்; அடிக்கட்டையிலிருந்து புதுத் தண்டுகள் கிளம்புகின்றன. நெருக்கி நட்டிருப்பதால் அவை வெளிச்சம் தேடி நேராக உயர்கின்றன. பக்கக் கிளைகளை அவ்வப்போது கழித்துவிடுகிறார்கள். இவ்வளவு பாடு எதற்கு என்பது கொட்டகைக்குப் போன பிறகுதான் புரிந்தது.

அங்கே ஓர் அம்மா தரையில் உட்கார்ந்து, கட்டைவிரல் பருமனுள்ள தண்டின் மேல்தோலைச் சுரண்டினார். அப்புறம் பித்தளைக் கோலால் அழுத்தி அழுத்தித் தேய்த்தார். நீளவாக்கில் இரண்டு கீறல் போட்டு, கத்தி முனையை உள்ளே விட்டு மெல்ல நெம்ப, பட்டை முழுசாகக் கழன்று வந்தது. கொட்டகை முழுக்க வாசனை! அடுத்த தண்டு கோணல், நடுவில் கிளை விட்ட கணு வேறு. கணுவுக்கு வந்ததும் பட்டை கிழிந்தது. "வேலியோரச் செடி, யாரும் கழித்துவிடவில்லை" என்று அவர் சிங்களத்தில் சொன்னதைக் கூட வந்த கொழும்புத் தோழி தமிழில் சொன்னாள். கிழிந்த துண்டுகள், முழுப் பட்டையில் செய்யும் குழலுக்குள் திணிக்கத்தான் ஆகும்.

வெட்டும் நேரமும் முக்கியம். துளிர் சிவப்பாக இருக்கையில் பட்டை கட்டையை விட்டு வராதாம். மழை பெய்து, துளிர் பச்சையாகி முற்றியதும் வெட்டுகிறார்கள். வெட்டியது காய்ந்தாலும் உரியாது, அதனால் அன்றைக்கே உரித்தாக வேண்டும்.

உரித்த பட்டைகளை ஒன்றுக்குள் ஒன்றாகச் செருகி 42 அங்குலக் குழலாக்கி, கூரைக்கடியில் கட்டிய கயிறுகளின் மேல் நிழலில் காயவைக்கிறார்கள். 6 மில்லிமீட்டருக்குள் அடங்கும் குழலுக்கு ‘அல்பா’ என்று பெயர். விலை அதற்குத்தான் உச்சம். முற்றிப் பருத்த தண்டிலிருந்து எந்தக் கையாலும் அல்பா சுருட்ட முடியாது. உரிப்பவரின் கூலியில் பாதியைத் தோட்டத்தில் செடியைப் பார்த்துக்கொண்ட விதமே தீர்மானித்துவிடுகிறது என்றுதான் எனக்குத் தோன்றியது.

மதியம் சாலையோரக் கடையில் சிவப்பரிசிச் சோறும் பொலோஸும். பிஞ்சுப் பலாவைக் கறுவா போட்டுக் கருக வேகவைத்த கறி. இரண்டு முறை வாங்கிச் சாப்பிட்டேன், அந்தப் பயணத்திலேயே சிறந்த சாப்பாடு அதுதான்.

அல்பா வாங்கக் கையில் காசு போதவில்லை. அடுத்த ரகத்தில் 100 கிராம் வாங்கினேன். சென்னை வந்து விரலால் அழுத்தினேன், அப்பளம் போல நொறுங்கியது. டப்பாவில் ஏற்கெனவே கிடந்த தடித்த பட்டை கசியா, அதாவது கறுவாவுக்கு உறவான வேறொரு மரத்தின் பட்டை. அதை உடைக்க அம்மிக்குழவி வேண்டும்.