ஸ்லைடு காய்ந்தது, மூணு நாள் கூலி போச்சு

"மாதிரி சரியில்லை, மறுபடி எடுக்கவும்." பதினைந்து நாள் காத்திருந்து மதினிக்கு வந்த பாப் ஸ்மியர் (கர்ப்பப்பை வாய் கேன்சருக்கு முன்னோட்டமான மாற்றம் செல்லில் உண்டா என்று பார்க்கும் டெஸ்ட்) ரிப்போர்ட் இவ்வளவுதான். கம்பம் ஊரிலிருந்து விடியுமுன்னே ஜீப்பில் ஏலக்காட்டுக்கு ஏறுகிறவர். டெஸ்ட்டுக்கு ஒரு நாள், ரிப்போர்ட் வாங்க ஒரு நாள், மறுபடி எடுக்க ஒரு நாள் என்று மூணு நாள் கூலி போச்சு.

தப்பு அவர் மேல் இல்லை. செல்கள் காற்றில் காய்ந்துவிட்டன என்று ரிப்போர்ட்டின் அடியிலேயே போட்டிருந்தது. கர்ப்பப்பை வாயில் வழித்ததைக் கண்ணாடியில் தடவிய கையோடு 95 சதவீத ஆல்கஹாலில் முக்க வேண்டும். எடுத்தவரோ ஸ்லைடை ட்ரேயில் போட்டுவிட்டு அடுத்த ஆளைக் கூப்பிட்டார். காய்ந்த செல் உப்பிவிடும், அதன் கருவான நியூக்ளியஸ் மங்கிவிடும். அந்த நியூக்ளியஸைப் பார்க்கத்தானே இத்தனை பாடும்! இன்னொன்று, ஸ்லைடின் சொரசொரப்பான ஓரத்தில் பெயரைப் பென்சிலால்தான் எழுத வேண்டும். பேனா மை ஆல்கஹாலில் கரைந்து போகும். பேனாவை எடுத்தால் கூச்சப்படாமல் சொல்லுங்கள்.

நம் பக்கம் செய்ய வேண்டியது: தூரமான நாளில் போகாதீர்கள், ரத்தம் செல்லை மறைக்கும். முந்தின 2 நாள் உறவு, உள்ளே வைக்கும் மாத்திரை, களிம்பு எதுவும் வேண்டாம். உள்ளே கழுவவும் வேண்டாம்.

இரண்டாவது தடவை ஒழுங்காக வந்தது. ஆனால் 'எல்எஸ்ஐஎல், கொய்லோசைட் உண்டு' என்றிருந்தது. எல்எஸ்ஐஎல் என்றால் செல்லில் லேசான மாற்றம். கவுன்ட்டரில் இருந்தவர் வரிசையில் அத்தனை பேர் முன்னால், "கேன்சர் டாக்டரைப் போய்ப் பாருங்க" என்றார். மதினி முகம் வெளுத்துவிட்டது.

அது கேன்சர் இல்லை. இந்த மாற்றத்தை உண்டாக்குவது எச்பிவி என்ற வைரஸ். அது சின்னச் சிராய்ப்பு வழியாக அடியடுக்கு செல்லுக்குள் நுழைகிறது. அந்த செல் மேலே வர வர வைரஸும் பெருகும். மேலடுக்கில் நியூக்ளியஸ் பெருத்து, ஓரம் சுருக்கம் விழுந்து, சுற்றிலும் வெள்ளை வளையம் தெரியும். அந்தச் சுருக்கம் நம்ம ஊர்ப் பன்னீர் திராட்சை வெயிலில் வற்றின மாதிரி. அதுதான் கொய்லோசைட். பெரும்பாலானவர்களுக்கு 2 வருஷத்துக்குள் உடம்பே வைரஸை விரட்டிவிடும். 16, 18 மாதிரி வகைகள் போகாமல் தங்கினால்தான் வம்பு. அவற்றின் இ6 புரதம் செல்லிலுள்ள பி53ஐ அழிக்கும், இ7 ஆர்பியை முடக்கும். பி53, ஆர்பி இரண்டுமே செல் கண்டபடி பெருகாமல் பிடிக்கும் பிரேக். குமுளி இறக்கத்தில் பிரேக் போன ஜீப்தான், ஆனால் இது அடிவாரம் வந்துசேரப் பொதுவாக 10, 20 வருஷம் எடுக்கும். நடுவில் பிடித்துவிடலாம்.

கர்ப்பப்பை வாயை லென்ஸ் வழியாகப் பெரிதாக்கிப் பார்க்கும் கால்போஸ்கோபி அரை மணியில் முடிந்தது. அசெட்டிக் அமிலம் தடவி ஒரு நிமிஷம் பொறுத்தார்கள், ஓர் ஓரம் வெளுத்தது. அயோடின் போட்டதும் சுற்றிலும் பழுப்பாக, அந்த இடம் மட்டும் மஞ்சளாக நின்றது. மாறிய செல்லில் கிளைக்கோஜன் குறைவு, அயோடின் ஏறாது. அங்கே துளி சதை எடுத்தார்கள், அதுதான் பயாப்ஸி. சின் 1 என்று வந்தது, அதாவது லேசான மாற்றம்தான். ஒரு வருஷம் கழித்து மறு டெஸ்ட்.

மனசு கேட்காமல் மலைக்கு அந்தப் பக்கம் கேரளாவில் ஓர் ஆஸ்பத்திரியில் காட்டப் போனதுதான் கடைசி வீண் அலைச்சல். "ஸ்லைடும் பிளாக்கும் எவிடே?" என்று கேட்டுத் திருப்பி அனுப்பிவிட்டார்கள். எடுத்த சதையை மெழுகில் பதித்து வைத்த கட்டிதான் பிளாக். வெறும் ரிப்போர்ட் பேப்பர் போதாது. பயாப்ஸி பார்த்த லேபில் எழுதிக் கொடுத்து இரண்டையும் வாங்குங்கள், நம்பர் ரிப்போர்ட்டோடு ஒத்துப்போகிறதா என்று அங்கேயே பாருங்கள். பிளாக் மெழுகு. ஜீப்பில் வெயில் படுகிற இடத்தில் வைக்காதீர்கள்.