மலாவி நாட்குறிப்பு: முதல் மழையிலிருந்து அறுவடை வரை

அக்டோபர் 28

மழைக்கு இன்னும் மூன்று வாரமாவது ஆகும். தென்கிழக்கு ஆப்பிரிக்காவிலுள்ள மலாவியில் வெயில் உச்சத்தில் நிற்பது இந்த மாதம்தான். மிஷன் வளாகத்தில் குழாய் இருந்தாலும் அதில் காற்றுதான் வருகிறது. ஊர் முழுக்க ஒரே கைப்பம்பை நம்பி நிற்கிறது.

இங்கே பெரும்பாலும் அஃப்ரிடெவ் வகைப் பம்பு. பழுதைக் கைப்பிடியே சொல்லிவிடும். காலையில் நிறைய தடவை அடித்த பிறகுதான் தண்ணீர் ஏறுகிறது என்றால் அடிவால்வு பிடித்து நிற்கவில்லை, குழாயில் ஏறிய நீர் இரவில் இறங்கிப் போகிறது. தண்ணீர் உடனே வந்து, கைப்பிடி லேசாக இருந்து, வரத்து மட்டும் குறைந்தால் பிஸ்டனில் உள்ள யூ வடிவ ரப்பர் தேய்ந்திருக்கிறது. தண்ணீர்க் குழுவிலுள்ள பெண்களே கழற்றி மாட்டிவிடுவார்கள். உதிரி பாகத்துக்குப் பணம் சேர்வதுதான் தாமதம்.

தமிழ்நாட்டிலிருந்து புதிதாக வரும் மிஷனெரித் தம்பதிகள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். விடிகாலையிலும் மாலையிலும் வரிசை நீளம். அந்த நேரத்தில் மிஷன் வீட்டு வேலையாள் நாலு டிரம்மோடு போய் நின்றால் யாரும் முகத்துக்கு நேரே எதுவும் சொல்ல மாட்டார்கள், ஆனால் மனசில் வைத்துக்கொள்வார்கள். நண்பகலில் போங்கள்.

குடிநீரை முதலில் துணியில் வடிகட்டி, ஒரு நிமிடம் தளதளவென்று கொதிக்க விட்டால் போதும். கரி மிச்சமாக வேண்டுமானால் குளோரின்: வாசனை சேர்க்காத 5 சதவீத பிளீச் என்றால் லிட்டருக்கு 2 சொட்டு, அரை மணி நேரம் காத்திருக்க வேண்டும். கலங்கல் நீருக்கு இரட்டிப்பு. 2022-ல் தொடங்கிய காலராவில் இந்த நாட்டில் 1,700 பேருக்கு மேல் இறந்தார்கள். மழை தொடங்கியதும் கழிப்பறைக் குழி நிரம்பிக் கிணற்றில் கலப்பது இங்கே வழக்கமாக நடக்கிறது.

நவம்பர் 9

துணி உலர்த்துவது பற்றி. வெயில் கொளுத்துகிறது, கொடியில் போட்டால் ஒரு மணி நேரத்தில் காய்ந்துவிடும். ஆனாலும் இஸ்திரி போடாமல் எதையும் உடுத்தக் கூடாது. பூட்சி ஈ ஈரத்துணியில் முட்டையிடும். அந்தத் துணி உடம்பில் பட்டதும் புழு தோலுக்குள் இறங்கும். முதலில் கொசுக்கடி மாதிரி தெரியும், பிறகு கட்டியாகும், நடுவில் ஒரு சின்னத் துளை இருக்கும். அதை நோண்டக் கூடாது. வாசலின் களிம்பு தடவித் துளையை மூடினால் மூச்சுக்காகப் புழு மேலே வரும், அப்போது இரண்டு பக்கமும் அழுத்தி எடுக்கலாம். பாதியில் அறுந்து உள்ளேயே தங்கினால் சீழ் வைக்கும்.

கரி இஸ்திரிப் பெட்டிதான் இங்கே நிஜமான பாதுகாப்பு. தையல் ஓரம், இடுப்புப் பட்டி, தலையணை உறை, குழந்தைகளின் துண்டு எல்லாவற்றிலும் சூடு ஏற வேண்டும். உள்ளாடை எலாஸ்டிக் சீக்கிரம் போய்விடும். போகட்டும், ஊரிலிருந்து கூடுதலாகக் கொண்டு வாருங்கள். இஸ்திரி போட முடியாத துணியைக் கொசுவலை அடித்த அறைக்குள் உலர்த்தலாம். தரையில், புல்லில் விரிப்பது மட்டும் வேண்டவே வேண்டாம்.

நவம்பர் 22

நேற்று இரவு முதல் மழை. விளக்கைச் சுற்றி ஈசல் மொய்த்தது. இங்கே அதன் பெயர் ங்கும்பி. பக்கெட் தண்ணீரில் விழவைத்து, இறகு உதிர்த்து, உப்புப் போட்டு வறுக்கிறார்கள். நம் ஊரில் ஈசல் வறுத்துத் தின்று வளர்ந்தவர்களுக்கு இதை யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

கூரைத் தண்ணீர் பிடிக்க ஒரு கணக்கு: ஒரு சதுர மீட்டரில் ஒரு மில்லிமீட்டர் மழை பெய்தால் ஒரு லிட்டர். 60 சதுர மீட்டர் தகரக் கூரையில் 10 மில்லிமீட்டர் விழுந்தால் 600 லிட்டர், சிதறலும் கசிவும் போக 480 தேறும். முதல் மழையைத் தொட்டிக்குள் விடக் கூடாது. ஆறு மாதத் தூசியும் பறவை எச்சமும் அதில்தான் வரும்.

இன்று முதல் டிசம்பர் நடுப்பகுதி வரை வாரநாள் கூட்டம் எதையும் வைப்பதில்லை. மழை விழுந்ததும் மக்காச்சோளத்தை நட்டாக வேண்டும். தாமதிக்கும் ஒவ்வொரு நாளும் விளைச்சலைத் தின்னும். இந்தச் சமயத்தில் சபை மூப்பர்களுக்குப் பயிற்சி வைத்துவிட்டு, ஆள் வரவில்லை, ஆர்வம் இல்லை என்று தலைமையகத்துக்கு அறிக்கை எழுதும் மிஷனெரிகள் இன்னும் இருக்கிறார்கள்.

டிசம்பர் 14

மின்சாரம் காலையில் போனது, இன்னும் வரவில்லை. நாட்டின் மின்சாரத்தில் பெரும்பகுதி ஷிரே ஆற்று அணைகளிலிருந்து வருகிறது. 2022 ஜனவரியில் அனா புயல் கபிச்சிரா அணையை உடைத்தபோது ஒரே அடியில் 130 மெகாவாட் போயிற்று.

வீட்டுச் சோலார் கணக்கு இது. 12 வோல்ட், 100 ஆம்பியர்-மணி ஈய பாட்டரி காகிதத்தில் 1,200 வாட்-மணி. பாதிக்குக் கீழே இறக்கினால் சீக்கிரம் செத்துவிடும், ஆகவே கையில் இருப்பது 600. சிறிய சோலார் ஃபிரிட்ஜ் வெயில் நாளில் 400 வரை இழுக்கும். 5 வாட் பல்பு நாலு, ஐந்து மணி நேரம்: 100. லேப்டாப் மூன்று மணி நேரம்: 180. ஆக 680. ஒரு பாட்டரி பற்றாது, இரண்டு வேண்டும். மேகமூட்ட நாளில் 200 வாட் பேனல் 600 வாட்-மணி தந்தாலே அதிகம், அதனால் மழைக்காலத்தில் லேப்டாப் வேலை பகலோடு சரி.

பேனல் இங்கே வடக்கு நோக்க வேண்டும். பூமத்திய ரேகைக்குத் தெற்கே இருக்கிறோம். தமிழ்நாட்டுப் பழக்கத்தில் தெற்கே சாய்த்து வைத்தால் ஜூன், ஜூலையில் மின்சாரம் படுத்துவிடும். சாய்வு 15 டிகிரி போதும்.

லைன் மின்சாரம் திரும்ப வரும்போது வோல்டேஜ் எகிறும். ஃபிரிட்ஜைச் சில நிமிடம் தாமதித்து இணைக்கும் காப்புப் பெட்டி இல்லாமல் நேரடியாகச் செருகாதீர்கள். இடி கேட்டதும் எல்லா பிளக்கையும் பிடுங்கி வையுங்கள்.

ஜனவரி 15

ஜான் சிலெம்ப்வே நாள், அரசு விடுமுறை. அமெரிக்காவில் இறையியல் படித்துவிட்டு 1900-ல் திரும்பிய பாப்டிஸ்ட் போதகர் அவர். சிராட்சுலுவில் பள்ளியும் செங்கல் ஆலயமும் கட்டினார். 1915 ஜனவரியில் தோட்ட முதலாளிகளின் கொடுமைக்கு எதிராகக் கிளர்ந்தார், பிப்ரவரி தொடக்கத்தில் சுட்டுக் கொல்லப்பட்டார். ஆலயத்தை ஆங்கிலேய அரசு வெடிவைத்துத் தகர்த்தது. அவர் முகம் இன்று நாட்டின் பண நோட்டில் இருக்கிறது. வெளிநாட்டு மிஷனெரி பேசுவதைவிட உட்கார்ந்து கேட்க வேண்டிய நாள் இது.

ஜனவரி முதல் மார்ச் வரை பசி மாதங்கள். களஞ்சியம் காலி, புதுச் சோளம் இன்னும் பால் பிடிக்கவில்லை. வாசலில் "ஓடி! ஓடி!" (உள்ளே வரலாமா என்று கேட்பது) என்ற குரல் விடியும் முன்பே தொடங்கும். சும்மா கொடுத்தால் மறுநாள் வரிசை இரட்டிப்பாகும். கேட்பவருக்கும் கூச்சம். வழக்கமான வழி கன்யு, அதாவது அளந்து தரும் கூலி வேலை: இத்தனை வரப்பு கொத்து, இத்தனை செங்கல் சும என்று பேசி முடித்து, அன்றே கூலி.

இதிலும் ஒரு பொறி இருக்கிறது. ஜனவரி அவரவர் வயலில் களையெடுக்க வேண்டிய மாதம். காலை முழுவதும் மிஷன் தோட்டத்தில் கன்யு செய்பவரின் வயலைக் களை மூடிவிடும், அறுவடை குறையும், அடுத்த ஜனவரியில் அவரே முதல் ஆளாக வாசலில் நிற்பார். எனவே கன்யு மதியத்துக்குப் பிறகுதான். ஒரு வீட்டுக்கு வாரத்தில் இரண்டு நாளுக்கு மேல் இல்லை, கூலியை மாவாகவே கொடுப்பது நல்லது. ஊர்க் கூலியைவிடக் கூட்டிக் கொடுத்தால் பக்கத்து விவசாயிக்கு ஆள் கிடைக்காது. தாராளம் என்று நாம் நினைப்பது அவருக்கு நஷ்டம்.

ஜனவரி 30

காய்ச்சல் காலம். இங்கே மலேரியா என்றால் அநேகமாக ஃபால்சிபாரம் என்ற கடுமையான வகைதான். இந்தியாவிலிருந்து வருபவர்களுக்கு இதற்கு எந்த எதிர்ப்பும் கிடையாது. நமக்குத்தான் கொசு பழக்கமாச்சே என்பது வெறும் பேச்சு.

காய்ச்சல் தொடங்கிய அன்றே விரல் நுனி ரத்தத்தில் சோதனை. இல்லை என்று காட்டியும் காய்ச்சல் நின்றபாடில்லை என்றால் மறுநாள் மறுபடி சோதியுங்கள். உண்டு என்றால் ஆர்டிமெதர்-லூமெஃபான்ட்ரின், இங்கே எல்லாரும் சொல்வது எல்.ஏ. பெரியவர்களுக்கு ஒரு வேளைக்கு 4 மாத்திரை. 8 மணி நேரம் கழித்து இரண்டாம் வேளை. பிறகு இரண்டு நாள் காலையும் மாலையும். மொத்தம் 24. வெறும் வயிற்றில் விழுங்கினால் மருந்து உடம்பில் சரியாக ஏறாது. கொழுப்பு வேண்டும்: பால், அல்லது ஒரு கை வேர்க்கடலை. ஒரு மணி நேரத்துக்குள் வாந்தி வந்தால் அந்த வேளையைத் திரும்பக் கொடுக்க வேண்டும். இரண்டாம் நாளே தெம்பு வந்துவிடும். மிச்ச மாத்திரையை இன்னொருவருக்காக எடுத்து வைக்கும் பழக்கம் அங்கேதான் தொடங்குகிறது. கூடாது.

பேச்சு குழறுதல், தண்ணீர்கூடத் தங்காத வாந்தி, கறுத்த சிறுநீர், மூச்சு வாங்குதல் இதில் ஏதாவது ஒன்று வந்தாலும் வீட்டு வைத்தியம் முடிந்தது. ஊசி மருந்து உள்ள மருத்துவமனைக்கு அந்த இரவே கிளம்ப வேண்டும். கர்ப்பிணிகளையும் கைக்குழந்தைகளையும் தொடக்கத்திலேயே மருத்துவரிடம் காட்டுங்கள். குணமான பிறகும் இந்த விரல் சோதனை சில வாரங்கள் 'உண்டு' என்றே காட்டக்கூடும், அதைப் பார்த்து மறுபடி மருந்து தொடங்க வேண்டாம்.

பிப்ரவரி 12

துக்க வீடு. சபையில் ஒரு மூதாட்டி காலமானார். எந்தக் கூட்டத்துக்கும் வராவிட்டாலும் மன்னிப்பு உண்டு. மலிரோவுக்கு, அதாவது சாவு வீட்டுக்கு, வராதவரை ஊர் மறக்காது.

சாலையில் பச்சைக் கிளை ஒடித்துப் போட்டிருந்தால் அருகில் சாவு வீடு என்று அர்த்தம். வண்டி ஊர்ந்துதான் போக வேண்டும், பாட்டு நிறுத்தப்பட வேண்டும். போதகரின் மனைவி, இங்கே அமாயி புசா, சிதெஞ்சே துணியை இடுப்பில் சுற்றிக்கொண்டு நேராக உள்ளே போய்ப் பெண்களோடு தரையில் உட்கார வேண்டும். உடல் இருப்பது அங்கேதான். போதகர் வெளியே ஆண்களோடு மரத்தடியில். கணவனும் மனைவியும் சேர்ந்து உட்கார்ந்தால் இரண்டு பக்கமும் சங்கடம். பேச ஒன்றும் தேவையில்லை, சும்மா இருந்தாலே போதும். நாற்காலி நீட்டினால் ஆண்கள் வாங்கிக்கொள்ளலாம், உள்ளே பெண்களுக்கு அது வேண்டாம்.

கையில் கொண்டு போவது மாவு, விறகு, பணம். பள்ளி நோட்டில் பெயரோடு எழுதிக்கொள்வார்கள். நம் ஊர் மொய் நோட்டுதான், ஆனால் எல்லார் காதுக்கும் கேட்க வாசிக்கப்படும். ஆகவே தொகை நடுத்தரமாக இருக்கட்டும். ஊர்த் தலைவர் கொடுத்ததைவிட அதிகம் வைத்து அவரைச் சிறுமைப்படுத்தக் கூடாது. பேச்சு வரிசையும் உறவினரும் தலைவரும் வகுப்பதுதான், சபை தன் முறை வரும்வரை காத்திருக்க வேண்டும். குழி வெட்டும் அட்சுகுலு வந்து குழி ஆயிற்று என்று சொல்லும்வரை அடக்க ஆராதனையை முடித்துவிட அவசரப்படக் கூடாது. அவர்களுக்கான சாப்பாடு தனி.

வண்டி விஷயம் கட்டாயம் வரும். வளாகத்தில் ஒரே பிக்கப், சவப்பெட்டி சுமக்க அதைத்தான் கேட்பார்கள். துக்க நேரத்தில் டீசல் யார் போடுவது என்று பேரம் பேசினால் அசிங்கம். ஆண்டுத் தொடக்கத்திலேயே மூப்பர் சங்கத்தில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள்: எத்தனை கிலோமீட்டர் வரை சபைச் செலவு, பின்னால் எத்தனை பேர் ஏறலாம், யார் ஓட்டலாம். பெட்டியோடு இருபது பேரும் ஏறிய வண்டியை மழைச் சேற்றில் சரிவில் இறக்கும்போது, வேண்டாம் என்று சொல்ல வேண்டியவர் ஓட்டுநராக இருக்கக் கூடாது, ஒரு மூப்பராக இருக்க வேண்டும்.

மார்ச் 6

சாலை இல்லை, சேறுதான். டயர் காற்றைக் கொஞ்சம் இறக்கி, இரண்டாம் கியரில், நிறுத்தாமல். மண்வெட்டியும் இரண்டு பலகையும் பின்னால்.

ஏப்ரல் 27

சோளம் முற்றிக் காய்கிறது. ஆண்டுக்கு வேண்டியதை அறுவடை முடியும் இந்தச் சமயத்திலேயே வாங்கி வைப்பது லாபம், ஜனவரியில் விலை இரட்டிப்பானாலும் ஆச்சரியமில்லை. காய்ந்ததா என்று பார்க்க ஒரு எளிய வழி: உலர்ந்த கண்ணாடிப் புட்டியில் ஒரு கை சோளம், ஒரு ஸ்பூன் காய்ந்த உப்பு, நன்றாகக் குலுக்கிக் கால் மணி நேரம் வையுங்கள். உப்பு கண்ணாடியில் ஒட்டினால் ஈரம் இருக்கிறது, இன்னும் வெயில் வேண்டும்.

வண்டு தடுக்க மூன்றடுக்குப் பை: உள்ளே இரண்டு தடித்த பிளாஸ்டிக், வெளியே சாக்கு. முதல் பையில் நிரப்பி, காற்றை அமுக்கி வெளியேற்றி, கழுத்தை முறுக்கி, மடித்துக் கட்ட வேண்டும். இரண்டாவதையும் மூன்றாவதையும் தனித்தனியாக அப்படியே. உள்ளே இருக்கும் வண்டு மிச்ச ஆக்சிஜனைத் தீர்த்துத் தானே சாகும். ஒரு எலிக்கடி பட்டாலும் எல்லாம் வீண், ஆகவே சுவரை விட்டுத் தள்ளிப் பலகை மேல் அடுக்குங்கள். இடையில் திறந்து பார்க்கவும் கூடாது, திறந்த பையை அந்த மாதமே மில்லுக்கு அனுப்பிவிட வேண்டும்.

துவரை, இங்கே நண்டோலோ, தெற்கு மாவட்டங்களில் ஜூலைக்கு மேல்தான் வரும். நல்ல பருப்பு, இந்தியாவுக்கே ஏற்றுமதியாகிறது. தோலோடுதான் விற்பார்கள். ஊறவைத்து, எண்ணெய் தடவி, காயவைத்து உடைத்தால் சாம்பாருக்கு ஆகும். அதுவரை தலைநகர் லிலோங்வேயின் ஏரியா 2-ல் உள்ள இந்தியக் கடைகள்தான்.