கலந்து கொடுத்த மருந்து

நான் செவிலியாகப் பார்த்துக்கொள்ளும் ஓர் அம்மா மாத்திரையை மறுத்துவந்தார். அவருடைய மகள் கேட்டதில் தவறு இருந்ததாக எனக்கு இன்றும் தோன்றவில்லை. "அம்மா மறுத்தார் என்று எழுதிவிட்டால் உங்கள் வேலை முடிந்துவிடும், அவருடைய ரத்த அழுத்தம் குறைந்துவிடுமா, சிஸ்டர்? பொடித்துச் சாப்பாட்டில் கலந்து கொடுங்கள்" என்றார். அந்த மாத்திரை, ரத்த அழுத்தத்தைக் குறைக்கும் நிஃபெடிபின் மருந்தின் மெதுவாகக் கரையும் வகை. பொடித்தால், நாள் முழுவதும் சிறிது சிறிதாகச் சேர வேண்டிய மருந்து ஒரேயடியாக உடலில் இறங்கி, அழுத்தம் ஆபத்தான அளவுக்குச் சரிந்துவிடக்கூடும் என்று விளக்கினேன். அவரும் ஏற்றுக்கொண்டார். சொன்ன காரணம் உண்மைதான். ஆனால் அது என் காரணம் அல்ல. வாயை இறுக மூடிக்கொண்டு கரண்டியை இரண்டு விரல்களால் தள்ளிவிடும் ஒருவருக்கு, அவர் அறியாமல் மருந்து கொடுக்க எனக்கு மனம் வரவில்லை.

மகளிடம் சொன்ன காரணம் அதிக நாள் நிற்கவில்லை. மருத்துவர் அம்லோடிபினுக்கு மாற்றினார், அதைப் பொடிக்கலாம். மறதி நோயால் மறுப்பின் விளைவை அம்மாவால் புரிந்துகொள்ள இயலவில்லை என்று மதிப்பிட்டு, குடும்பத்தாரிடமும் மருந்தாளுநரிடமும் பேசி, உணவில் கலக்க எழுத்து மூலம் அனுமதியும் தந்தார். தட்டு முழுவதும் கலந்துவிட்டால், அவர் பாதியில் எழுந்துகொள்ளும்போது எவ்வளவு உள்ளே போனது என்று தெரியாது. ஆகவே முதல் கரண்டியில் மட்டும் கலந்தேன். விழுங்கியதைப் பார்த்த பிறகே பதிவேட்டில் கையெழுத்திட வேண்டும் என்பதால் அருகிலேயே நின்றேன். அவர் நிமிர்ந்து, "இதில் எதையாவது போட்டிருக்கிறாயா?" என்று கேட்டார்.

"சாப்பிடுங்கள், அம்மா" என்றேன். அவரும் சாப்பிட்டார்.

நான் பொய் சொல்லவில்லை. ஆனாலும், அப்படிக் கேட்கத் தெரிந்தவருக்குப் புரியவில்லை என்று எதை வைத்து முடிவு செய்தோம்? தண்ணீரைக் கொடுத்தாலும் அவர் இதையே கேட்பார் என்பதும் உண்மை. உண்மையைச் சொல்லியிருந்தால் உணவையே சந்தேகித்து உண்ண மறுத்திருக்கக்கூடும். அழுத்தத்தை அப்படியே விட்டிருந்தால் பக்கவாதம் வந்திருக்கக்கூடும். இத்தனையும் சரியான நியாயங்கள்தான், எனினும் அவை எல்லாம் அந்தப் பதிலைச் சொன்ன பிறகு தேடிக்கொண்டவை.

இப்போது முதலில் மாத்திரையைக் கையில் காட்டி, எதற்கென்று சொல்லி நீட்டுகிறேன். சில நாள்கள் அவரே வாங்கி விழுங்கிவிடுகிறார். அனுமதியை அவ்வப்போது மறுபரிசீலனை செய்யும்படியும் மருத்துவரிடம் கேட்டிருக்கிறேன். மறுக்கும் நாள்களில் கலக்கிறேன். அந்தக் கரண்டியை வேறு யாராவது ஊட்டினால் நன்றாக இருக்கும் என்று தோன்றும். மருந்தை எடுத்தவரே கொடுக்க வேண்டும் என்பதால் அதற்கும் வழியில்லை.